அக்காவை அனுப்புங்க

கொடைக்கானல் பைன் மரங்களுக்குப் போன் பேசும் வசதி வந்ததிலிருந்து வனக்காவலர் அருளப்பன் வீட்டில் நிம்மதி போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் போதும், மணி அடிக்கும்.

“அசுவினிப் பூச்சி சாறு உறிஞ்சுதுங்க. முதுகெல்லாம் அரிக்குது, சீக்கிரம் வாங்க” என்று ஒரு பெண்குரல் கொஞ்சும்.

“யாரு இவ?” என்றாள் மனைவி ரெஜினா.

“மரம்டி!”

நம்பாதவள் துடைப்பத்தோடு காட்டுக்கே போனாள். அங்கே நின்றது மரமேதான். பட்டை தெரியாமல் பூச்சி மொய்த்திருந்தது.

“மருந்தடிச்சாச்சுன்னு தெனம் புளுகுனாரே, பாவி மனுஷன்!” என்றாள் ரெஜினா.

சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாருமாகத் திரும்பி வந்து, அடிப்பிடித்த குண்டானைத் தேய்ப்பதுபோல் மரத்தைத் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் மணி அடித்ததும் அருளப்பன் ஓடிப்போய் எடுத்தான்.

“நீங்க வேண்டாம். அக்காவ அனுப்புங்க.”

“எங்களுக்கும் அக்காதான்!” என்றது பின்னாலிருந்து காடே.

ரெஜினா சேலையை இழுத்துச் செருகினாள். “சோத்த வடிச்சு வைங்க. வடிச்சாச்சுன்னு புளுகக் கூடாது.”