பதினோராம் எண் வண்டி

“எல்லாரும் அப்படியே இடது பக்கம் பாருங்க,” என்றாள்.

நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள்.

இடது பக்கம் ஏரி இருந்தது. அவ்வளவு பெரிய ஏரி. அதைப் பார்க்கத்தானே இத்தனை வளைவு ஏறி, வாந்தியெடுத்து, மலைக்கு வருகிறார்கள்? கண்ணாடியில் மறுபடி பார்த்தாள். அப்பா, அம்மா, மகள். கடைசி இருக்கையில் தனியாக மகன். எட்டுக் கண்களும் அவள் பிடரியில்தான் இருந்தன.

என்ன ஜென்மங்களோ!

கிளம்பும்போதே வம்பு. ஏரியைச் சுற்றிக் காட்டும் பேட்டரி வண்டிகள் வரிசைப்படிதான் போகும். இவர்களோ, பதினோராம் எண் வண்டிதான் வேண்டும் என்று முன்னால் நின்ற மூன்று வண்டிகளை விட்டுவிட்டார்கள். அந்த மூன்று ஓட்டுநர்களும் ஏதோ அவள் ஆள் பிடித்துவிட்டதுபோல முறைத்தார்கள். இத்தனைக்கும் அது அவள் வண்டிகூட இல்லை. அவள் வண்டி பிரேக் வேலைக்குப் போயிருந்தது. இது அவளோடு வண்டி ஓட்டுகிற மேகலாவின் வண்டி. மேகலா மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

படகுத்துறையில் நிறுத்தினாள். யாரும் இறங்கவில்லை.

“இறங்கிப் பாக்கலாம்மா. படகு இங்க ரொம்ப விசேஷம்.”

“படகு கெடக்கு. நீ காலையில எத்தன மணிக்கும்மா எந்திரிப்ப?” என்றார் அந்த அம்மாள்.

பூங்கா வாசலில், சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். குதிரைகள் நிற்கும் இடத்தில், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். கட்டிய தொண்டையோடு அவள் மைக்கில் ஏரி வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் அந்தப் பெரியவர் குறுக்கிட்டு, உங்கப்பாவுக்கு என்ன வேலை என்றார்.

இன்றைக்கு இது ஆறாவது சவாரி. பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

“ஏரியப் பத்தி ஏதாச்சும் கேளுங்களேன்,” என்றாள். குரலில் இருந்த காரத்தை மறைக்கவில்லை.

அந்த அம்மாள் மகளின் காதருகே குனிந்தார். பேட்டரி வண்டியில் சத்தமே கிடையாது. ரகசியம் பேசுகிறவர்கள் டீசல் ஜீப்பில் ஏற வேண்டும்.

“போட்டோவுல இன்னுங் கொஞ்சம் கலரா இருந்துச்சுல்ல?”

அவள் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

ஐயோ.

மேகலாவை இன்று பெண் பார்க்க வருகிறார்கள். ஐந்து மணிக்கு, முருகன் கோயிலில் வைத்து. அதற்காகத்தான் அவள் சீக்கிரம் போனாள். அதற்குள், வேலை செய்கிற இடத்தில் பெண் எப்படி இருக்கிறாள் என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவிட, வண்டி எண்ணை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது இந்தக் கூட்டம். குளிருக்குத் தலையில் குல்லா, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். யார் யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் மேகலா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“ஒரு கல்யாணம் காச்சின்னு ஆயிட்டா, இந்த வண்டியோட்டுற சோலியெல்லாம் விட்டுருவேல்ல தாயி?” என்றார் அந்த அம்மாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

மேகலா கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “வண்டிய விடச் சொன்னா அந்த எடமே எனக்கு வேணாங்க்கா.”

“எதுக்கு விடணும்?” என்று அந்த அம்மாளைத் திருப்பிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

வயது கேட்டார்கள். இருபத்தாறு என்று மேகலாவின் வயதைச் சொன்னாள். மற்றதெல்லாம் அவளுடைய சொந்தப் பதில். சமையல் தெரியாது, கற்றுக்கொள்கிற உத்தேசமும் இல்லை. சீசனில் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். எங்கே போனாய், ஏன் நேரமாயிற்று என்று யாராவது கேட்டால் கெட்ட கோபம் வரும்.

குறுக்கே குதிரையை விட்டவனை மைக்கை அணைக்காமலே திட்டினாள். ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

கடைசி இருக்கையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

சொல்லச் சொல்ல அவளுக்கு மனசு லேசானது. முப்பத்து நாலு வயதில், இவ்வளவு கேள்விகளை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளைப் பெண் பார்க்க ஆள் வந்தே நாலு வருஷம் ஆகிறது.

பெரியவர் மும்முரமாக ஏரியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

நிறுத்தம் வந்தது. அந்த அம்மாள் இறங்கிய வேகத்தில் செருப்பு கழன்றது. “நல்லவேள, முன்கூட்டியே வந்து பாத்தோம். இது வாயி இல்லடி, காவா,” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். பெரியவர் பின்னாலேயே போனார்.

ஒழிந்தது என்று மூச்சு விட்டாள்.

மகன் மட்டும் வண்டிக்கருகே நின்றான். சுற்று முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்காதவன்.

“எங்கம்மா அப்படித்தாங்க. நான் பேசிக் கூட்டிட்டு வந்துருவேன்,” என்றான். “நீங்க வண்டிய விட வேணாம். இதே மாதிரி நாலு பேரத் திட்டிக்கிட்டு இருங்க. அஞ்சு மணிக்குக் கோயில்ல பாப்போம்.”

அவளுக்குக் காது வரை சூடேறியது. இவன் எதற்கு இப்படிச் சிரிக்கிறான்? பத்து வருஷமாக இந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிறாளே, அப்போதெல்லாம் மலைக்கு வழி தெரியாமல் போயிற்றா இவனுக்கு?

போன் அடித்தது. மேகலா.

“அக்கா, கையும் ஓடல காலும் ஓடல. பச்சை கட்டவா, மாம்பழக் கலர் கட்டவா? சட்டுனு சொல்லுங்கக்கா.”

அவன் இன்னும் போகவில்லை.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“பொடவையில உங்களுக்கு எந்தக் கலர் புடிக்கும்? பச்சையா, மாம்பழமா?”

“மாம்பழம்,” என்றான். முகமெல்லாம் பல்.

“மாம்பழக் கலர்,” என்று போனில் சொன்னாள். வைத்துவிட்டாள்.

அவன் அப்படியே சிரித்துக்கொண்டு நின்றான்.

“கெளம்புங்க சார். சவாரிக்கு ஆள் ஏறணும்,” என்று எரிந்து விழுந்தாள்.

நிறுத்தத்தில் ஒருவருமே இல்லை.