முன் வண்டி சொன்னால் பின் வண்டி கேட்கும்

ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த இன்ஜினியரின் மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்து நின்றது.

அவர் அதை மேலே தள்ளிவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் வந்த வேன் பதறாமல், இடைவெளி ஒரு சாண்கூடக் குறையாமல் நின்றிருந்தது. ‘பிரமாதம்’ என்று அட்டையில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பின் வேனை ஓட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர்.

இரண்டும் ஒரே சலவை நிலையத்தின் வண்டிகள். ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகளை இவள் முன்னால் கொண்டுபோய் இறக்குவாள். அவர் பின்னாலேயே வந்து அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொள்வார். பத்தொன்பது வருஷமாக இதே வரிசைதான். இன்ஜினியர் முன் வேனில் ஏறியதற்கும் அதுதான் காரணம். அழுக்கு மூட்டையோடு யார் உட்கார்ந்து வருவது?

வண்டியும் வண்டியும் பேசிக்கொள்கிற பெட்டி ஒன்றை அன்று காலையில்தான் இரண்டிலும் பொருத்தியிருந்தார். முன் வண்டி பிரேக் போட்டால், அந்தக் கணமே பின் வண்டியில் இருக்கும் பெட்டி குரல் கொடுக்கும். பனி மூடியிருந்தாலும் சரி, ஓட்டுகிறவர் கொஞ்சம் அசந்திருந்தாலும் சரி, முட்டல் மோதல் கிடையாது. முன் வண்டி சொன்னால் பின் வண்டி கேட்டே தீரும் என்று பெருமையோடு விளக்கினார்.

“வீட்டுக்கும் இதுல ஒண்ணு கிடைக்குமா சார்?” என்று அவள் கேட்டாள்.

விளையாட்டென்று நினைத்து அவர் சிரித்தார்.

விளையாட்டில்லை. பதினோரு நாளாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை ஒரு சக்கரத்தால் வந்தது. அவர் வண்டியின் பின் சக்கரத்தில் காற்று குறைவு என்று இவள் சொன்னாள். எழுந்ததும் சொன்னாள், டீ குடிக்கும்போது சொன்னாள், கிளம்பும்போதும் சொன்னாள். அவர் மூன்று தடவையும் ‘ம்’ என்றார். பாதி வழியில் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் மழையில் நின்று நனைந்த பிறகு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று இவளைப் பார்த்துக் கேட்டார் பாருங்கள்.

அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதன் பிறகு வீட்டில் எதைச் சொல்வதானாலும் ஃபிரிட்ஜைப் பார்த்தே சொன்னாள். சாப்பாடு ஆறுகிறது என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள். அவரும் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று ஃபிரிட்ஜிடமே சொல்லிவிட்டுப் போவார்.

சிரிக்கிற சமாசாரந்தான். ஆனால் அவள் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதியது. கையெழுத்து மட்டும் பாக்கி. சாயங்காலம் வேலை முடிவதற்குள் சூப்பர்வைசர் கையில் கொடுத்தாக வேண்டும். அங்கே போய்விட்டால் வேறு நேரம், வேறு பாதை. பின்னால் அந்த வேன் வராது. சொன்னது காதில் ஏறாத மனிதருக்கு முன்னால் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று நினைத்துவிட்டாள், பாவம்.

நினைத்த இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல், பத்து முறை பிரேக் போடும்படி இன்ஜினியர் கேட்டிருந்தார். அவள் இருபத்து மூன்று முறை போட்டாள். பதினோரு நாள் கோபமும் அந்த ஒற்றைக் காலில் இறங்கியது.

ஒவ்வொரு முறையும் முழங்கை உள்ளே போகும், பிரேக் விழும், இன்ஜினியரின் கண்ணாடி இறங்கும், பின் வேன் தன் இடத்தில் நிற்கும்.

பதினேழாவது முறை நிஜமாகவே ஒரு பூனை குறுக்கே ஓடியது. அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்ஜினியர் யோசிப்பதற்குள் பூனை மதிலேறிவிட்டது. அப்போதும் பின் வேன் சொன்னபடி நின்றது. சில தடவை இவள் மிதிப்பதற்கு முன்பே அது வேகத்தைக் குறைத்திருந்தது. தன் பெட்டியின் அறிவை இன்ஜினியர் தானே வியந்துகொண்டார்.

பெட்டி சொன்னால் மட்டும் கேட்கிறாராக்கும் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சலவை நிலையத்து வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. அவள் இறங்கி, கடிதத்தை வண்டியின் மூக்கில் விரித்து வைத்து, பேனா மூடியைத் திறந்தாள்.

பெட்டியைக் கழற்றப் போன இன்ஜினியர் பின் வேனுக்குள் தலையை விட்டார். விட்ட தலை வெளியே வரவில்லை.

அவள் பேனாவும் கையுமாகப் போய் எட்டிப் பார்த்தாள்.

பெட்டியின் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது இருக்க வேண்டிய துளையில் செல்போன் சார்ஜர் செருகியிருந்தது.

வீட்டுக்காரர் காலையிலேயே வயரைப் பிடுங்கிவிட்டாராம். இவ்வளவு பெரிய பெட்டிக்குள் ஒரு பேட்டரி இருக்காதா என்று நினைத்தாராம். நாள் முழுக்க அது வாயே திறக்காததைப் பார்த்து, அதற்கும் தன் மேல் கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். போனில் சார்ஜ் இல்லாவிட்டால் எப்படி, யாராவது கூப்பிட்டால் எடுக்க வேண்டாமா என்றார். ‘யாராவது’ என்னும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படியானால் இருபத்து மூன்று முறையும் எப்படித்தான் நின்றீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். குரல் அழுகிறாற்போல் இருந்தது.

“பிரேக் போடறதுக்கு முன்னாடி அவ முழங்கைய உள்ள இழுத்துக்குவா சார். பத்தொம்பது வருஷமா அதைத்தானே பார்த்துக்கிட்டு வர்றேன்.”

இன்ஜினியர் தன் அட்டையைப் பார்த்தார். அதில் இருபத்து மூன்று ‘பிரமாதம்’ இருந்தது.

அவள் பேனாவை மூடினாள். கடிதத்தை நான்காக மடித்து, அழுக்கு மூட்டை ஒன்றின் முடிச்சுக்குள் செருகினாள். விரிப்புகளோடு சேர்ந்து அதுவும் வெளுக்கட்டும்.

“சார்ஜ் ஏறிடுச்சா?” என்று கேட்டாள்.

அவர் சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே ஃபிரிட்ஜ் இல்லை.