கண்டமான கூடாரம்

ஐப்பசி மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. திருவொற்றியூர்க் கிடங்கில், யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன டிரெய்லர்கள் திருடு போகாதபடி சக்கரத்தோடு சக்கரம் சங்கிலியில் பூட்டிக் கிடக்கின்றன. சங்கிலியிலிருந்து நீர் சொட்டுகிறது. அவற்றின் நடுவே காவல்காரன் பரசுராமன் கூடாரம் அடிக்கும் இரும்பு முளையால் கூலியாள் வரதனை அடிக்கிறான். எலும்பில் இரும்பு படும் சத்தம், ஆபீஸ் ஜன்னலோரம் சாமான் கணக்கு எழுதும் எனக்குக் கேட்கிறது. நெஞ்சோடு அணைத்த கூடாரத் துணியை வரதன் விடவில்லை.

"கண்டம் மாலு நைனா! குப்பையில கெடந்துச்சு. வூட்டுக்கு மேல ஒண்ணுமில்ல, கொயந்த நனைஞ்சிகினு கீது."

கழித்துப்போட்ட சாமானுக்கு இங்கே கண்டம் என்று பெயர்.

"உனக்குத்தான்டா இன்னிக்கிக் கண்டம்!" பரசுராமன் சிரித்துக்கொண்டே காதோரம் ஒன்று இறக்குகிறான். ரத்தம் கழுத்தில் வழிகிறது. நான் சேற்றில் இறங்கி ஓடுகிறேன்.

"நிறுத்துய்யா! காலையில அதுல கண்டம்னு முத்திரை குத்தினதே நான்தான். பிரிச்சுப் பாரு."

துணியைப் பிரிக்கிறான். சிவப்பு முத்திரை தெரிகிறது. முளையைக் கீழே போடுகிறான்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? கண்டம்னா கிழிச்சிட்டுத்தான் வெளிய வுடணும். அப்பால யாரும் நல்ல சாமானக் கண்டம்னு தூக்கிகினு போவ மாட்டான். துரை உத்தரவு."

இடுப்புக் கத்தியை எடுத்து நீளவாட்டில் இழுக்கிறான். பிறகு குறுக்கே. அத்தனை அடிக்கும் அழாத வரதன், துணி கிழியும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அலறுகிறான்.