திருந்திய அணுகுண்டு

"மொராக் திருந்திட்டான்ப்பா. இனிமே அவனை யாரும் கொளுத்த மாட்டாங்க."

ஆறாவது படிக்கும் கீர்த்திகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இதைச் சொன்னபோது, அவள் அப்பா காமராஜ் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஆமத்தூர்ப் பக்கம் இருந்த அவருடைய பட்டாசுக் கம்பெனியில் இந்த சீசனுக்குச் செய்த அணுகுண்டு பூராவும் மொராக் மூஞ்சியோடுதான் அடுக்கிக் கிடந்தது.

மொராக், தினமும் ஆறு மணிக்கு டிவியில் வரும் ஒரு கார்ட்டூன் தொடரின் வில்லன். முறுக்கின கொம்பும் கோரைப் பல்லுமாக, டீனா என்ற பெண்ணைப் படாதபாடு படுத்துகிறவன். போன வருஷம் அதே தொடரின் கதாநாயகனை வெடி லேபிளில் போட்டு, காமராஜ் நன்றாகச் சூடுபட்டிருந்தார். அவனுக்குத் தீ வைக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை புத்திசாலித்தனமாக வில்லனைப் பிடித்தார். பெட்டி மேல் ஒரு மொராக், உள்ளே ஒவ்வொரு குண்டு மேலும் ஒரு மொராக். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கொளுத்துவார்கள் என்று நம்பியிருந்தார்.

"எப்ப திருந்தினான்?"

"இப்பத்தான். டீனாவுக்கு வந்த அம்பைத் தன் நெஞ்சுல வாங்கிக்கிட்டான். டீனா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுகா. அவங்க ரெண்டு பேரும்தான் சேரணும்னு எங்க கிளாஸ்ல முன்னாடியே சொல்லிக்கிட்டிருந்தோம்."

அடுக்களையிலிருந்து பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "பொம்மைப் படத்தைப் பார்த்து ஒரு அழுகையா? போய்ப் பாடத்தைப் படி" என்று மகளை அதட்டினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததில் அவள் கண்ணும் சிவந்திருந்தது. காமராஜுக்கு மனைவி மேல் மரியாதை கூடியது. ஆறு மணிக்கு வந்தால் காபி ஆறரைக்குத்தான் கிடைக்கும் என்ற ஒரு குறையைத் தவிர, அந்த வீட்டில் பொறுப்பான மனுஷி அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையிலேயே விருதுநகர் பஜாரிலிருந்து டீலர் லட்சுமிகாந்தம் போன் செய்தார். பெட்டியைப் பார்த்ததுமே ஒரு பிள்ளை கடை வாசலில் உருண்டு அழுததாம். மற்ற பிள்ளைகளும் வேறு வெடி கொடு என்கிறார்களாம். "ஒரு வாரம் பார்ப்பேன் அண்ணாச்சி. இந்த லோடு நகரலைன்னா அம்புட்டையும் திருப்பி அனுப்பிருவேன்" என்றார்.

திரும்பி வந்தால் மற்ற ஊர் டீலர்களும் அதையே செய்வார்கள். அப்புறம் அடுத்த சீசனுக்குக் கம்பெனிக் கதவைத் திறக்க முடியாது. காமராஜ் திருத்தங்கலுக்கு ஓடினார். எந்த அச்சகத்திலும் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடந்தது. புது லேபிள் தீபாவளி கழித்துத்தான் என்று கையை விரித்தார்கள். போர்மேன் சோணைமுத்து, மொராக்குக்கு மீசை வரைந்து ஆளையே மாற்றிவிடலாம் என்றார். வரைந்தும் பார்த்தார்கள். மீசை வைத்த மொராக் முன்னைவிட நல்லவனாகத் தெரிந்தான்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பாலம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எந்தக் கடையில இருக்கு?"

இரண்டு நாள் கழித்து லட்சுமிகாந்தம் மறுபடி கூப்பிட்டார். காமராஜ் பயந்துகொண்டே போனை எடுத்தார். சரக்குக் காலி, இன்னொரு லோடு அனுப்புங்கள் என்றார் அவர். யாரோ ஒரு ஆட்டோக்காரர் நடைநடையாக வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறாராம்.

காமராஜ் மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். உடனே அடுத்த லோடை ஏற்றி அனுப்பிவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. தெருமுனை ஸ்டாண்டு சங்கிலிமுத்து, மொராக் படம் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பூட்டியே கிடந்த பழைய கார் ஷெட்டுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பாலம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பைய வைங்க, பைய வைங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

காமராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வளையல் வாங்க என்று அவள் வைத்திருந்த சீட்டுப் பணம்தான் இப்படிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. வீட்டுப் பக்கம் ஒரு ஊசி வெடியைக்கூட அண்டவிடாதவர் அவர். அன்றைக்கு அந்தக் கட்டுப்பாட்டையே மறந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளை ஒரு நாளாவது புரிந்துகொண்டோமா என்று நினைத்தபடி அல்வாப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

"பாலம்மா, எனக்காகவா இம்புட்டும் செஞ்ச?"

பாலம்மாள் அவரை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு முந்தானையை உருவி, மேல் பெட்டியில் இருந்த மொராக் முகத்தின் தூசியை மெதுவாகத் துடைத்தாள்.

"உங்களுக்காகவா? நெஞ்சுல அம்போட கிடக்கான் பாவம், அவனுக்குப் போய் தீ வைக்க விட்ருவேனாக்கும்? அடுத்த லோடை மேலத்தெருக்காரிக சேர்ந்து எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாக. மணி ஆறாகுது, நீங்க காபிக்கு ஒரு அரை மணி நேரம் பொறுங்க."