என் உடம்பு தோற்கட்டும்

என் மலப் பரிசோதனை டப்பாவை வாங்கிக்கொண்டு, "வயித்துவலி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார் லேப் மேடம்.

வலி நின்று வெகு நாளாகிவிட்டது. என் பயமே அதுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்துமாவுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி ஒன்றுக்காக, கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுக் குட்டிகளை என் முன்கையில் விட்டிருந்தார்கள். தோலைத் துளைத்துப் போய்க் குடலில் கொக்கி போட்டு உட்கார்ந்துவிட்டன.

புழுக்கள் இருக்கும்வரை வாராவாரம் நான் இங்கே வர வேண்டும். போய்விட்டால் வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் குடல் முறுக்கி எடுத்தது. ஏனென்று மேடம்தான் விளக்கினார்.

"புழு பெருசு சார், வெள்ளையணுவால முழுங்க முடியாது. அதனால உங்க குடல் சளியைச் சுரந்து சுவரை வழவழன்னு ஆக்கிடும். பிடி நழுவினதும் தள்ளிவிடும். வாடகை தராதவங்களை வேற எப்படிக் காலி பண்றதாம்?"

சிரித்துவிட்டேன். மனைவி போனபிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் விசாரிப்பார். என்ன சாப்பிட்டேன், தூங்கினேனா, மூச்சு வாங்குகிறதா. எல்லாம் ஆராய்ச்சிக்கான கேள்விகள் என்று தெரியும். ஆனால் வேறு யாரும் கேட்பதில்லை.

மகன் போனில், எல்லாம் ஓகேதானேப்பா என்பான். கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிடுவான்.

என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்கள் உடம்பு ஜெயித்துவிட்டதாம்.

இப்போது வெளி நாற்காலிகளில் நான் மட்டும் உட்கார்ந்து, என் உடம்பு தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இன்று மைக்ராஸ்கோப்பில் குனிந்த மேடம் நிமிரவே இல்லை.

"போயிடுச்சா மேடம்?"

"இருக்கு சார். அடுத்த வாரமும் வந்துடுங்க." குனிந்தபடியேதான் சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட மேசையைச் சுற்றி அவர் பக்கம் போனேன்.

மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரியவில்லை. அதன் ஒயர் பிளக்கில் மாட்டாமல், சுருட்டிக் கட்டியபடியே கிடந்தது. விளக்கில்லாமல் அதில் இருட்டைத்தான் பார்க்க முடியும்.

எத்தனை வாரமாக என்று நான் கேட்கவில்லை.