கன்வர்ட்டரின் முள்

அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த ரைஸ் குக்கர் 110 வோல்ட்டில் ஓடுவது. நம்மூர்ச் சுவரில் வருவதோ 230. அதை நேராகச் சுவரில் செருகிப் புகையவிட்டவர் சுப்புராமன். முப்பது வருஷம் கல்பாக்கத்தில் எலக்ட்ரிகல் என்ஜினியராக இருந்தவர். மனைவி ஞானம்மாள் ஓடிவந்து கேட்டபோது, "பூங்கொடி பண்ணின வேலை" என்று சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பூங்கொடி அன்றோடு நின்றுவிட்டாள்.

மகள் இன்னொரு குக்கர் அனுப்பினாள். இந்த முறை ஒழுங்காக, 230-ஐ 110 ஆக இறக்கிக் கொடுக்கும் கன்வர்ட்டர் வாங்கி மாட்டினார். ஞானம்மாள் பார்க்கும்போது அதன் மீட்டரில் முள் 110-ல் நின்றது. அவர் தனியாகப் போய்ப் பார்த்தால் 230. சோறு என்னவோ பதமாகத்தான் வெந்தது. கன்வர்ட்டரையே மாற்றினார். புதிதும் அப்படியே காட்டியது.

அதை மாட்டிய பத்தாம் நாள் காலையில் சதுரங்கப்பட்டினம் போய்ப் பூங்கொடி வீட்டு வாசலில் நின்றார். உண்மையைச் சொல்லத்தான் போனார்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்?"

"நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடும்மா. குக்கர் விஷயத்த நாங்க மன்னிச்சாச்சு."

அவள் அவரையே பார்த்தாள். "நான் அத்த தொட்டதே இல்ல சார்."

"சரி, விடு," என்றார் தரையைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்க் கன்வர்ட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பின்னாலேயே ஞானம்மாள் வந்து நின்றாள்.

"ஏங்க, முள்ளு ஏன் 230-ல நிக்குது?"

பிளக் அவர் கையில் இருந்தது.