மட்டமான பேனா

"மைப்பேனா ஒண்ணு வாங்கிட்டு வந்துருப்பா. மட்டமானதே போதும், உடைக்கத்தானே போறோம்" என்றார் நீதிபதி, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டே. கோர்ட் இன்னும் கூடவில்லை.

கோர்ட் சேவகரான டவாலி வாங்கி வந்து சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தூக்குத் தண்டனையில் கையெழுத்துப் போட்ட பேனாவின் முள்ளை அங்கேயே உடைத்துவிடுவது வழக்கம். ஓர் உயிரைக் குடித்த பேனா வேறெதையும் எழுதக் கூடாதாம். போன தடவை நீதிபதியின் சொந்தப் பேனா போய்விட்டது. மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. வீட்டில் செம டோஸ். அதனால் இந்த முன்னேற்பாடு.

குற்றவாளி என்று நேற்றே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் என்ன தண்டனை என்பதை இரண்டு தரப்பையும் கேட்ட பிறகுதான் முடிவுசெய்ய வேண்டும். அப்படிக் கேட்பதே இன்றைக்குத்தான்.

டவாலி ஒன்றும் தூக்கே கூடாது என்கிற ஆள் இல்லை. கூண்டில் நிற்பவன், கூட வேலை பார்த்தவனையே குத்திக் கொன்றவன். நேற்று சாப்பிடும்போதுகூட, தூக்கும் கொலைதான் என்ற மனைவியிடம் மல்லுக்கு நின்றார். வெறி பிடித்துக் குத்துவதும், உட்கார்ந்து நாலையும் யோசித்துத் தண்டிப்பதும் ஒன்றா என்று கேட்டார்.

கோர்ட் கூடியதும் அரசு வக்கீல் எழுந்தார். ஆத்திரத்தில் செய்திருந்தால் ஆயுள் தண்டனையோடு விட்டுவிடலாம் என்றார். இவன் காலையிலேயே கடைக்குப் போய்க் கத்தி வாங்கியிருக்கிறான். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, செத்தவன் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

டவாலியின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. மட்டமான பேனா அல்லவா, மை கசிந்து விரல் பிசுபிசுத்தது.

பிறகு கூண்டில் நிற்பவனின் வக்கீல் பேசினார். பேச்சா அது! கல்லும் கரையும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவைக் காட்டும்போது கண் கலங்கிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். தலையாட்டினார். நடுநடுவே குறிப்புகூட எடுத்தார், தன் நல்ல பேனாவில்.

டவாலிக்கு அந்த முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஈ மொய்த்த சோற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இடைவேளையில் அவன் அம்மா டவாலியை வராந்தாவில் வழிமறித்தாள்.

"ஐயா நல்லா காது குடுத்துக் கேட்டாருல்லண்ணே? மனசு எளகிடும்ல?"

டவாலி சட்டைப்பையைக் கையால் மறைத்துக்கொண்டு நகர்ந்தார். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இந்தக் கட்டடத்தில் மனுஷன் என்று சொல்ல அந்த வக்கீல் ஒருவர்தான். அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான், வேலை போனாலும் போகட்டும். ஆட்சேபம் தெரிவிப்பார், வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்வார், எதையாவது செய்து உயிரைக் காப்பாற்றுவார்.

வக்கீல் கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டவாலி அவர் காதருகே குனிந்து, நீதிபதி காலையிலேயே பேனா வாங்கிவரச் சொல்லிவிட்டதைச் சொன்னார்.

"தெரியும்பா" என்றார் வக்கீல், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "நீ கடையில பேனா கேட்டு நிக்கும்போதே பாத்துட்டேன். அதான் இன்னிக்கு வெளுத்து வாங்கிட்டேன். எப்படியும் தூக்குதான்னு ஆயிட்டா நமக்கென்ன பாரம்? பேச்சு தானா வரும்."

அம்மா கைகூப்பியபடி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

வக்கீல் பிஸ்கட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, கண் கலங்க ஆரம்பித்தார்.